ஐந்து மணிச் சங்கத்தில் என் அம்மா உறுப்பினர் இல்லை

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தில் ஒரு முழுநாள் பயிற்சி வகுப்பு நடந்தது. ‘உற்பத்தித்திறனை இரட்டிப்பாக்குவது எப்படி’ என்று மின்னஞ்சலில் தலைப்புப் போட்டிருந்தார்கள். வகுப்பெடுக்க வந்தவர் நன்றாகப் பேசுகிறவர். ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் 24 கட்டங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒன்று.

“விடியக்காலை அஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் இருக்கிற ரெண்டு கட்டத்துக்கும் ஒரு பூட்டு போட்டுக்குங்க. அது உங்களுக்கே உங்களுக்கான நேரம். யாரையும் உள்ளே விடாதீங்க” என்றார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சிரித்துவிட்டோம். அடக்க முடியவில்லை.

“என்ன மேடம் ஜோக்கு? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல” என்றார் அவர்.

டெஸ்டிங் பிரிவில் வேலை செய்யும் தோழி எழுந்து நின்றாள். “சார், அஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் நான் பூட்டு போட்டுக்கிட்டா, ஏழரைக்கு என் பையன் வெறும் வயித்தோட ஸ்கூல் வேன்ல ஏறுவான்.”

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “அதுக்குத்தான் பிளானிங். முந்தின ராத்திரியே காயெல்லாம் நறுக்கி வெச்சுடுங்க.” முன்வரிசையில் சிலர் அதையும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் அன்று இரவு வீட்டுக்குப் போய்க் காய் நறுக்கினார்கள் என்று தெரியவில்லை.

காலை ஐந்து மணிக்கு எழுவதையே ஒரு சங்கமாக்கி ராபின் ஷர்மா 2018இல் ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்துவிட்டு எழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓடுவார்கள், தியானம் செய்வார்கள், நாட்குறிப்பு எழுதுவார்கள். என் அம்மா முப்பது வருடம் நாலரை மணிக்கு எழுந்தார். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. எட்டுக் குடம் பிடித்து, வாசல் தெளித்து, இட்லி ஊற்றி, மதியச் சாப்பாட்டைக் கட்டி, எட்டே காலுக்குப் பேருந்து பிடித்து ஆரம்பப் பள்ளியில் ஐம்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். இரவு பத்து மணிக்குமேல் அதே பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தினார். பாடம் நடத்துவதும் விடைத்தாள் திருத்துவதும் அசல் மூளை உழைப்பு. ஆனால் அம்மாவை யாரும் ‘அறிவுசார் உழைப்பாளர்’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ‘டீச்சரம்மா, பாவம், ரொம்பக் கஷ்டப்படுது’ என்றுதான் சொன்னார்கள்.

அந்த 24 கட்டத் தாளை நான் தூக்கிப் போடவில்லை. இந்தக் கட்டுரையை அதன் பின்பக்கத்தில்தான் எழுதத் தொடங்கினேன். எனக்கு இந்த உற்பத்தித்திறன் போதனைமேல் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்துக்குக் காரணங்களும் இருக்கின்றன. அவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

*

முதலில் இந்தப் போதனையின் பூர்வீகம். அமெரிக்காவில் பிரெடெரிக் டெய்லர் என்கிற பொறியாளர் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு தொழிலாளிகளின் பின்னால் நின்றார். 1911இல் அவர் வெளியிட்ட ‘விஞ்ஞான மேலாண்மைக் கோட்பாடுகள்’ நூலில் ஒரு கதை வருகிறது. பெத்லகேம் எஃகு ஆலையில் இரும்புப் பாளங்களைத் தூக்கி ரயில் பெட்டியில் ஏற்றும் ஒரு தொழிலாளி. நூலில் அவருக்கு ஷ்மிட் என்று பெயர். ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தவரை நாற்பத்தேழரை டன் ஏற்ற வைத்ததாக டெய்லர் எழுதுகிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். கணக்கு யாருக்கு லாபம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நாற்பத்தேழரை டன் இரும்பு தூக்கியவர் மறுநாளும் வந்து தூக்க வேண்டுமென்றால் அவருக்குச் சமைத்துப் போடவும், அழுக்குத் துணியைத் துவைக்கவும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் பக்கம் ஸ்டாப்வாட்ச் திரும்பவே இல்லை.

அடுத்து வந்தவர் பீட்டர் டிரக்கர். 1959இல் ‘அறிவுசார் உழைப்பாளர்’ என்கிற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். நாற்பது வருடம் கழித்து, 1999இல், அதே உழைப்பாளர்களின் உற்பத்தித்திறன் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. கைவேலையில் என்ன செய்ய வேண்டும் என்பது கண்ணெதிரே இருக்கிறது, எப்படிச் செய்வது என்று மட்டும் கேட்டால் போதும். மூளை வேலையில் முதல் கேள்வியே ‘உன் வேலை என்ன?’ என்பதுதான் என்கிறார். உன்னுடைய உண்மையான வேலை எது, அதிலிருந்து உன்னை இழுத்துப் பிடித்திருப்பது எது என்று ஆளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார்.

டிரக்கர் சொன்ன மற்றதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்ட அலுவலகங்கள் இந்தக் கேள்வியை மட்டும் பெண்களிடம் கேட்டதே இல்லை.

*

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் கையேடுகளும் தொழில்நுட்ப ஆவணங்களும் எழுதுகிறேன். பதினோரு வருட அனுபவம். இரண்டு வருடத்துக்கு முன் நடந்த அப்ரைசலில் மேலாளர் எனக்கு ஐந்துக்கு மூன்று போட்டார். காரணம்: ‘ஆழ்ந்த கவனம் போதவில்லை, சிறு வேலைகளில் நேரம் சிதறுகிறது.’

சிதறுகிறது என்பது உண்மைதான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அந்த ஆறு மாதத்து மின்னஞ்சல்களைப் புரட்டினேன். வாராந்திரக் கூட்டத்தின் குறிப்பை எழுதி அனுப்பியது பெரும்பாலும் நான். புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தது நான். இரண்டு பிரிவுகளுக்கு நடுவே மனஸ்தாபம் வந்தபோது இரண்டு பக்கமும் பேசிச் சமாதானம் செய்தது நான். வாடிக்கையாளர் வந்தபோது சாப்பாடு ஏற்பாடு, வேலையை விட்டுப் போனவருக்குப் பிரிவு உபசாரம், ஆயுத பூஜைக்கு வசூல், மகளிர் தினத்துக்குக் கோலப் போட்டி. மகளிர் தினத்துக்குக் கோலப் போட்டி நடத்துவதும் மகளிர் வேலைதான்.

இதில் எதையும் யாரும் என்மேல் திணித்ததாகச் சொல்ல முடியாது. “நீங்க பண்ணா நல்லாருக்கும்” என்பார்கள். ஒரு நிமிடம் அமைதி நிலவும். எல்லோரும் மடிக்கணினித் திரையைப் பார்ப்பார்கள். அந்த அமைதியைப் பொறுக்க முடியாமல் நான் “சரி” என்பேன்.

அந்த ஒரு நிமிட அமைதியை அமெரிக்காவில் நான்கு பெண் ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். லிண்டா பேப்காக், மரியா ரெகால்டே, லீஸ் வெஸ்டர்லண்ட், லாரி வைன்கார்ட். மூன்று பேர் கொண்ட குழு. முகம் தெரியாமல் கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் பட்டனை அழுத்த வேண்டும். யாரும் அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் ஒரு டாலர். ஒருவர் அழுத்தினால் அவருக்கு 1.25 டாலர், மற்ற இருவருக்கும் தலா இரண்டு டாலர். அதாவது யாராவது செய்தே ஆக வேண்டும், ஆனால் செய்கிறவருக்குத்தான் லாபம் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்து இருந்தபோது ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக அழுத்தினார்கள். இதை வைத்து ‘பெண்களுக்கு இயற்கையிலேயே தியாக குணம்’ என்று யாராவது சொல்லிவிடும் முன் அடுத்த முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் மட்டும் இருந்த கூட்டத்தில் ஆண்களும் அழுத்தினார்கள். பெண்கள் மட்டும் இருந்த கூட்டத்தில் நடந்த அதே அளவுக்கு நடந்தது. பக்கத்தில் பெண் இருந்தால்தான் ஆண்கள் காத்திருக்கிறார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு பகுதியும் உண்டு. ஒருவரை மேலாளராக்கி, யாரிடம் உதவி கேட்பாய் என்று விட்டபோது, அந்த இடத்தில் ஆண் இருந்தாலும் பெண் இருந்தாலும் பெண்களைத்தான் அதிகம் கேட்டார்கள்.

மேலாளர் பெண்ணாக இருந்தாலும் என்பதை நாம் மறைக்கக் கூடாது. எனக்கு மூன்று போட்ட மேலாளரும் பெண்தான். அவரும் இப்படிச் சிதறிச் சிதறித்தான் அந்த நாற்காலிக்கு வந்திருப்பார்.

இந்த ஆய்வாளர்கள் இத்தகைய வேலைகளைப் பதவி உயர்வுக்கு உதவாத வேலைகள் என்கிறார்கள். அலுவலகம் நடக்க அவை வேண்டும். செய்கிறவரின் கணக்கில் மட்டும் ஏறாது. நம் வீட்டில் இருக்கும் வேலைகளுக்கும் இதே இலக்கணம்தான். சோறு இல்லாத நாள்தான் சோறு கண்ணில் படும்.

*

இனி வீட்டுக்கு வருகிறேன். மூளை உழைப்புக்கு மூலப்பொருள் கவனம். கால் நியூபோர்ட் 2016இல் எழுதிய ‘டீப் வொர்க்’ சொல்வது இதைத்தான்: இடையூறு இல்லாத நீண்ட நேரம் கிடைத்தால்தான் நல்ல வேலை பிறக்கும். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஒரு கையேட்டின் ஒரு அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதும்போது வருகிற ஒழுங்கு, பத்துத் துண்டாக எழுதினால் வராது. எழுதுகிற, ஆராய்ச்சி செய்கிற, நிரல் எழுதுகிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் கோபம் வருகிறது.

இடையூறு இல்லாத மூன்று மணி நேரம் தானாக விளைவதில்லை. ஒரு வீட்டில் ஒருவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும்போது, கதவுக்கு வெளியே யாரோ ஒருவர் காஸ் சிலிண்டர் காரருக்குப் பதில் சொல்கிறார், குழந்தையின் வாயைப் பொத்துகிறார், மாமியாருக்கு மாத்திரை எடுத்துத் தருகிறார், குக்கர் விசிலை எண்ணுகிறார். கதவுக்கு உள்ளே இருப்பவரின் கவனம் வெளியே இருப்பவரின் உழைப்பால் ஆனது. உள்ளே எழுதப்படும் புத்தகத்தில் வெளியே இருந்தவருக்கு நன்றியுரையில் ஒரு வரி கிடைக்கலாம்.

இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்த உழைப்பை நிமிடக் கணக்கில் சொல்கிறது. 2019இல் எடுத்தார்கள், 2024இல் மீண்டும் எடுத்தார்கள். வீட்டு வேலை செய்கிற பெண்கள் 2024இல் ஒரு நாளைக்குச் சராசரி 289 நிமிடம் செய்தார்கள்; வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடம். ‘செய்கிற’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேல் செய்கிறார்கள். ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்தான் அந்தக் கணக்குக்குள்ளேயே வருகிறார். குழந்தையையும் முதியவரையும் நோயாளியையும் பார்த்துக்கொள்ளும் நேரம் தனி: பெண்களுக்கு 137 நிமிடம், ஆண்களுக்கு 75. ஐந்து வருடத்தில் பெண்களின் வீட்டு வேலை 299 நிமிடத்திலிருந்து 289 ஆகக் குறைந்தது. பத்து நிமிடம் மிச்சம் என்று மகிழலாம் என்றால், ஆண்களுடையதும் 97 நிமிடத்திலிருந்து 88 ஆகக் குறைந்திருக்கிறது. அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சம்.

நிமிடக் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. நாளைக்குக் காலையில் மாவு இருக்கிறதா, பிள்ளைக்குத் தடுப்பூசி எந்தத் தேதி, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வந்தது, அம்மாவின் சர்க்கரை மாத்திரை எத்தனை நாளைக்கு வரும். இந்த நினைவுப் பதிவேட்டைப் பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதற்குப் பெயர் கவனச் சிதறல் இல்லை. இரண்டாவது ஒரு வேலையில் செலுத்தும் முழுக் கவனம்.

‘பெண்களுக்கு ஒரே நேரத்தில் பத்து வேலை செய்யும் திறமை உண்டு’ என்று புகழ்கிறவர்களிடம் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. இடுப்பில் குடத்தோடு நடக்கிறவளுக்குக் குடம் சுமப்பது பிறவிக் குணமாக இருக்காது. வீட்டில் குழாய் இருக்காது.

இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார். 25 நிமிடம் ஒரே வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. தக்காளிக்கு இத்தாலிய மொழியில் பொமொதோரோ. அதுவே அந்த முறைக்கும் பெயர். நல்ல முறைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் ஒரு விதி உண்டு: 25 நிமிடத்தைத் துண்டாக்க முடியாது. நடுவில் வேலையை விட்டு எழ நேர்ந்தால் அது செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்த்த இரண்டு வருடத்தில் எனக்குச் செல்லாமல் போன தக்காளிகளைக் கூடை கூடையாகக் கோயம்பேட்டில் விற்றிருக்கலாம்.

அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘வீட்டிலிருந்தே வேலை, பெண்களுக்கு வரப்பிரசாதம்’ என்றார்கள். பயண நேரம் மிச்சமானது உண்மை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை. ஒரே ஒரு தனி அறை. அறை என் இணையருக்குப் போனது. யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. அவருக்குக் கால் அதிகம், என்னுடையது எழுத்து வேலைதானே என்று இயல்பாக நடந்தது. நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். அவர் நல்லவர், கேட்டால் உதவுகிறவர். ஆனால் கேட்பதற்கு நான் இருக்கிற இடத்திலிருந்து எழுந்துபோய்க் கதவைத் தட்ட வேண்டும். என்னிடம் கேட்பதற்கு யாரும் எந்தக் கதவையும் தட்டத் தேவையில்லை. மேசைக்குக் கதவு கிடையாது.

*

கருவிகள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவைச் சொல்கிறார்கள். இந்தக் கதையைப் பெண்கள் முன்பே கேட்டிருக்கிறோம்.

லிலியன் கில்பிரெத் என்று ஒருவர் இருந்தார். உளவியலில் முனைவர், 12 பிள்ளைகளைப் பெற்றவர், கணவர் பிராங்க்கோடு சேர்ந்து ஆலைகளுக்கு வேலைத்திறன் ஆலோசனை சொன்னவர். 1924இல் கணவர் இறந்ததும் வாடிக்கையாளர்கள் பலர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஒரு பெண்ணிடம் ஆலை விஷயம் கேட்க அவர்களுக்கு விருப்பமில்லை. அவர் சமையலறை பக்கம் திரும்பினார். மேடை உயரம், அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே நடக்கும் தூரம் எல்லாவற்றையும் அளந்து திருத்தினார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டிக்கும், ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் தட்டுகளுக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். சமையலறையில் நடக்கும் அடிகள் குறைந்தன. அங்கே நிற்கிற ஆள் மாறவில்லை.

வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ‘அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை’ என்ற பொருள் தரும் தலைப்புள்ள நூலில் அமெரிக்க வீடுகளை வைத்துக் காட்டியது இதுதான். இயந்திரங்கள் வந்ததும் ஆண்களும் பிள்ளைகளும் செய்துகொண்டிருந்த வேலைகள் காணாமல் போயின. சுத்தத்துக்கும் சாப்பாட்டுக்குமான எதிர்பார்ப்பு உயர்ந்தது. மிச்சமான வேலை முழுக்க இல்லத்தரசி தலையில் விழுந்தது. நமக்கு இதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் போய் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன. தமிழ்நாடு அரசே 2011 முதல் இலவசமாகக் கொடுத்தது. கை வலி குறைந்தது, அதை யாரும் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ஆனால் ஒரு சட்னி இருந்த இடத்தில் மூன்று சட்னி வந்தது. “அம்மியில அரைச்ச ருசி வரலையே” என்கிற விமர்சனமும் கூடவே வந்தது.

அலுவலகத்திலும் இதேதான். ஒரு மென்பொருள் எனக்கு இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடித்துத் தந்தால் அந்த இரண்டு மணி நேரம் எனக்கு வருவதில்லை. இன்னொரு கையேடு வருகிறது.

*

அந்த நேரம் எங்கே போக வேண்டும் என்று மேலே இருக்கிறவர்கள் ஒளிவு மறைவில்லாமலே சொல்லியிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் பற்றிப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார்.

நாடே சிரித்தது, திட்டியது. எனக்கு அந்தக் கேள்வியில் தெரிந்தது வேறு. வாரத்தில் 90 மணி நேரம் வேலை செய்யும் ஆணுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்காது என்கிற உறுதி. துவைக்கிற துணி இல்லை, தேய்க்கிற தரை இல்லை, தலை வாரிவிட வேண்டிய குழந்தை இல்லை. உட்கார்ந்து பார்ப்பது ஒன்றுதான் வேலை. 90 மணி நேர ஆணுக்குப் பின்னால் வீட்டில் எத்தனை மணி நேரப் பெண் வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குத் தேவைப்படுவதே இல்லை. 289 நிமிடத்தை ஏழால் பெருக்குங்கள்: வாரத்துக்கு கிட்டத்தட்ட 34 மணி நேரம். அதன்மேல் 70ஐயும் 90ஐயும் வைத்துப் பாருங்கள். பெண்ணுக்கு ஒரு வாரம் போதாது.

2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்று திரண்டதால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஆலைத் தொழிலாளிக்குத் தட்டிக் கேட்க ஒரு சங்கமாவது இருக்கிறது. ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது பெரும்பாலும் இல்லை. நமக்கு 24 கட்டத் தாள்தான் கொடுக்கிறார்கள். உன் நேரத்தை நீயே பிழிந்துகொள் என்று பொருள்.

*

இதுவரை என்னை நான் பாதிக்கப்பட்டவளாகவே காட்டியிருக்கிறேன். மற்றதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

அப்ரைசலுக்குப் பிறகு நான் எப்படியோ காலையில் இரண்டு மணி நேரம் பிடித்தேன். எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கித் துடைக்க ஒரு அக்கா வருகிறார். ஒன்பது மணிக்கு வந்துகொண்டிருந்தவரை ஏழு மணிக்கு வரச் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். என் இரண்டு மணி நேர ஆழ்ந்த கவனம் அப்படித்தான் பிறந்தது. அடுத்த அப்ரைசலில் நான்கு வாங்கினேன்.

ஆறு மாதம் கழித்துப் பேச்சுவாக்கில் தெரிந்தது. ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வர, அவர் கண்ணகி நகரிலிருந்து ஆறு மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. அவருடைய பெண் எட்டாம் வகுப்பு. தம்பியை எழுப்பிக் குளிப்பாட்டி, சோறு கட்டி, பள்ளிக்கு அனுப்புகிற வேலை அந்தப் பெண்ணிடம் போயிருந்தது. அதனால் அவள் காலையில் படிப்பது நின்றுபோயிருந்தது.

என் நான்கு மதிப்பெண் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணின் காலைப் படிப்பிலிருந்து வந்தது. லிலியன் கில்பிரெத் வீட்டிலும் சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் ஆட்கள் இருந்தார்கள். படித்த பெண்கள் முன்னேறும்போது வீட்டு வேலை ஆணின் கைக்குப் போகாமல், இன்னும் ஏழையான இன்னொரு பெண்ணின் கைக்குப் போகிறது. ஆண் அசையவே வேண்டியதில்லை. இதை நான் சாதனை என்று சொல்ல மாட்டேன்.

அக்காவைப் பழையபடி ஒன்பது மணிக்கே வரச் சொன்னேன். சம்பளத்தைக் குறைக்கவில்லை, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்று முடிவு செய்தோம். காலை ஏழு முதல் ஒன்பது வரை வீட்டு வேலை முழுக்க என் இணையருடையது. ‘உதவி’ என்ற சொல்லை வீட்டில் தடை செய்தேன். முதல் மாதம் சண்டைதான். மாவு தீர்ந்ததை அவர் கவனிக்காத நாளில் நான் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அன்று பிரெட் சாப்பிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

*

அப்படியானால் என்னதான் வேண்டும்?

பொது ஏற்பாடு வேண்டும். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. என்னைக் கேட்டால் கடந்த பல ஆண்டுகளில் இங்கே வந்த ஆகச் சிறந்த உற்பத்தித்திறன் திட்டம் அதுதான். எந்தப் பயிற்சியாளரும் தராத ஒரு மணி நேரத்தை அது லட்சக்கணக்கான அம்மாக்களின் காலையில் தந்தது. 2021இல் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் அப்படித்தான். ஆனால் அந்தக் காலை உணவைச் சமைப்பவர்களும் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அவர்களும் விடியுமுன் எழ வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு நியாயமான ஊதியம் கேட்பதும் நம் வேலை.

இருக்கிற சட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. உங்கள் அலுவலகத்தில் அந்தக் காப்பகம் எங்கே என்று கேளுங்கள். தனியார் நிறுவனத்தில் தந்தைக்குச் சம்பள விடுப்பு தரும்படி மத்தியச் சட்டம் எதுவும் இல்லை என்பதையும் கேளுங்கள். குழந்தை வளர்ப்பு அம்மாவின் வேலை என்று சட்டமே எழுதி வைத்தால், பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும் முதலாளிக்கு அது வசதிதானே.

வேலை நேரம் குறைய வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 2022இல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள், ஏறத்தாழ 2,900 பேர், சம்பளம் குறையாமல் வேலை நேரத்தைக் குறைத்து ஆறு மாதம் சோதித்தார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் தொடர்ந்தன. ஆண்கள் குழந்தையோடு செலவிட்ட நேரம் பெண்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் கூடியது. ஆனால் வீட்டு வேலையில் ஆண்களின் பங்கு மாறவில்லை. மிச்சமான நேரத்தில் குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள்; கழிவறையைக் கழுவவில்லை. நேரம் கிடைத்தால் ஆண்கள் தாமாகவே மாறுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

அலுவலகத்தில் கணக்கு வேண்டும். எங்கள் குழுவில் பெண்கள் ஒரு நோட்டு போட்டோம். கூட்டக் குறிப்பு எழுதியது யார், புதியவருக்குக் கற்றுக்கொடுத்தது யார், எத்தனை மணி நேரம். மூன்று மாதம் எழுதி மேலாளர் மேசையில் வைத்தோம். அவர் நெடுநேரம் புரட்டினார். கடைசியில் “இதுல நானும் இருந்திருக்கேன்” என்றார். அடுத்த வாரத்திலிருந்து முறை வைத்துச் செய்கிறோம், ஆணும் பெண்ணும். ஒருவர் மூன்று முறை குறிப்பைத் தாமதமாக அனுப்பினார். ஒரு முறை முக்கியமான முடிவையே விட்டுவிட்டார். “நீங்க பண்ணா நல்லாருக்கும்” என்று என்னைப் பார்த்தார்கள். நான் மடிக்கணினித் திரையைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிட அமைதியைத் தாங்கப் பழகிக்கொள்ளுங்கள் தோழிகளே. இரண்டு நிமிடம்கூட ஆகாது, யாராவது பட்டனை அழுத்துவார்கள்.

அடுத்த மாதம் மறுபடியும் அந்தப் பயிற்சி வகுப்பு நடக்கப்போகிறது. இந்த முறை நாங்கள் முன்வரிசையில் உட்காரப் போகிறோம். 24 கட்டத் தாளைக் கொடுத்தால், எங்களுடையதை நிரப்பும் முன் கூடத்தில் இருக்கும் ஆண்கள் எல்லோரும் அவர்கள் வீட்டுப் பெண்களின் தாளை நிரப்பிக் காட்டட்டும் என்று கேட்கப் போகிறோம். காலை ஐந்திலிருந்து ஏழு வரை என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.